ஸ்கூபா சென்டர் வைப்பவர்கள் கரையில் செய்யும் தவறுகள்

தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கேலியாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய் அந்தமானில் ஸ்கூபா டைவிங் சென்டர் நடத்தினேன் என்றால் காட்பாடியில் இன்னும் யாரும் நம்புவதில்லை. 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கில் ஆறு சீசன் கூட்டாளியாக இருந்தேன். இப்போது யோசனை கேட்டு வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது படகு என்ன விலை என்றுதான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

டைவிங் சென்டர் விற்கிற சரக்கு காற்று. முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிற சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாக அடைப்பது நாம் மூச்சு விடுகிற சாதாரணக் காற்றுதான். சுமார் 11 லிட்டர் கொள்ளளவில் 200 பார் அழுத்தத்துக்கு ஏற்றுவோம். நம்மூர் பஞ்சர் கடை கம்ப்ரசர் 10 பார் கொடுத்தாலே பெரிது. ஆகவே முதலில் பணம் போக வேண்டியது கம்ப்ரசருக்கு. அதைவிட முக்கியம், அதை எங்கே வைக்கிறோம் என்பது.

எங்கள் ஷெட்டில் டீசல் ஜெனரேட்டருக்குப் பத்தடி தள்ளி கம்ப்ரசரை வைத்துவிட்டோம். காற்று ஒரு பக்கமாக வீசியவரை ஒன்றும் தெரியவில்லை. திசை மாறிய ஒரு நாள், கடலிலிருந்து ஏறிய இரண்டு பேர் தலை வலிக்கிறது என்றார்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு, அந்த விஷவாயுவின் அழுத்தமும் மூன்று மடங்கு. அன்று நிரப்பிய சிலிண்டர்களையெல்லாம் திறந்துவிட்டோம். மறுநாளே காற்று இழுக்கும் குழாயைக் கூரைக்கு மேலே, புகை எட்டாத பக்கமாக ஏற்றினோம். கம்ப்ரசர் ஃபில்டரை மாற்றுவதையும் ‘இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்’ என்று தள்ளிப் போடாதீர்கள். தீவின் ஈரக்காற்றில் அது சீக்கிரமே தீர்ந்துபோகும்.

சிலிண்டர் வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்துச் சோதிப்பது வழக்கம். அது தவிர சில வருடங்களுக்கு ஒருமுறை, பொதுவாக ஐந்து வருடம், நீரழுத்தச் சோதனையும் உண்டு. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு நாற்பதையும் ஒரே மாதத்தில் வாங்கினால் நாற்பதுக்கும் ஒரே மாதத்தில் தேதி முடியும். சீசன் நடுவில் கையில் ஒரு சிலிண்டர் இருக்காது. இரண்டு மூன்று தவணையாக வாங்குங்கள்.

உப்பு எப்படி அரிக்கும் என்று, தோல் பதனிடும் டேனரி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), பிசிடி (மிதப்பதைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) எல்லாவற்றையும் தினமும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் வாடிக்கையாளர். மூன்று நாள் பேக்கேஜில் குடும்பத்தோடு வருபவர்கள் ஊர் சுற்றி முடித்துவிட்டு, ‘கடைசி நாள் காலையில டைவிங், மதியம் ஃப்ளைட்’ என்பார்கள். காசு வருகிறதே என்று தலையாட்டுவதுதான் இந்தத் தொழிலில் நான் பார்த்த மோசமான தவறு. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது, கோலி சோடாவைத் திறந்ததுபோல அது குமிழியாகிவிடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பரிந்துரை. முன்பதிவு செய்யும்போதே விமான நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டால் கடைசி நாள் சண்டை வராது.

மருத்துவப் படிவத்தைப் படகுத்துறையில் நீட்டுவதும் அதே ரகம். அவ்வளவு தூரம் வந்தவர், ஆஸ்துமா இருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் டிக் அடிப்பார். ஊரில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். ‘ஆம்’ என்று பதில் வந்தால் டாக்டர் கையெழுத்து தேவைப்படலாம். வேலூரில் டாக்டருக்கா பஞ்சம்? சளிப் பிடித்தவரை மட்டும் அன்று காலை நீங்களே நிறுத்துங்கள். காது அடைத்தால் இறங்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், செவிப்பறையைக் கொடுக்க முடியாது.

பவளத்தின்மேல் நங்கூரம் போடாதீர்கள். மிதவையில் கட்டுங்கள்.

கடைசியாக, கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும். வருமானம் சுருங்கிவிடும், வாடகை சுருங்காது. எட்டு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதச் சம்பளம் எடுத்து வைக்க வேண்டும். நாங்கள் முதல் மழைக்காலத்தில் பயிற்றுநர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தி, ‘அக்டோபர்ல வாங்க, பாத்துக்கலாம்’ என்று அனுப்பிவைத்தோம். அக்டோபரில் வந்தார்கள், பக்கத்து சென்டரின் படகில்.