லாகோஸில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்கு வேலைக்கு வரும் நம்மவர்களை, வந்த ஒரு வருடத்துக்குள் அலுவலக நண்பர் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிடுவார். உடனே 'ஆப்பிரிக்கக் கல்யாண உடை' என்று நெட்டில் தேடி, பளிச்சென்று பூப்போட்ட சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆப்பிரிக்கக் கல்யாணம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. நைஜீரியாவில் மட்டுமே 500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசுகிறார்கள், சடங்கும் துணியும் அதற்குத் தகுந்தபடி மாறும். கூப்பிட்டவர் எந்த இனம், யோருபாவா, இக்போவா, எடோவா, ஹவுசாவா என்று அவரிடமே கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார், கேட்டதற்குச் சந்தோஷப்படுவார். லாகோஸ் யோருபா மண் என்பதால் நான் அதிகம் போனது அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குத்தான். அதனால் இங்கே பெரும்பாலும் அவர்கள் வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் 'எங்கேஜ்மென்ட்' என்று ஒரு தேதி, 'ஒயிட் வெட்டிங்' என்கிற, வெள்ளை கவுன் போட்டு நடக்கும் கல்யாணத்துக்கு இன்னொரு தேதி. எங்கேஜ்மென்ட் என்றால் நம் ஊர் நிச்சயதார்த்தம்தானே, குடும்பத்தோடு முடித்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்குப் போனால் போதும் என்று இருந்துவிட்டேன். யோருபா வீடுகளில் எங்கேஜ்மென்ட் என்று சொல்வதுதான் பாரம்பரியக் கல்யாணம். பெண்வீடும் மாப்பிள்ளை வீடும் எதிரெதிரே உட்கார்ந்து பெண் கேட்பது, சீர் வைப்பது, காலில் விழுவது எல்லாம் அன்றைக்குத்தான். நம் நிச்சயதார்த்தத்துக்குப் பக்கத்தில் வருவது, அதற்கும் முன்னால் இரு வீட்டாரும் சந்திக்கும் 'இன்ட்ரொடக்‌ஷன்'. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய அம்மா என்னைத் தேடினாராம். இன்றும் அது உறுத்துகிறது.

அடுத்தது அஷோ எபி. 'குடும்பத் துணி' என்று அர்த்தம். பெண்வீட்டாருக்கு ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு நிறம், நண்பர்களுக்கு வேறொன்று என்று முன்கூட்டியே முடிவு செய்து, துணிக்கு விலை சொல்லி அனுப்புவார்கள். 'கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் துணிக்குக் காசு கேட்கிறார்களே' என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். இது வியாபாரம் இல்லை, நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் என்று சொல்லும் அழைப்பு. மண்டபத்தில் நுழைந்ததும் யார் யாருடைய ஆள் என்று துணியைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள், பந்தியில் கவனிப்பும் கூடவே வரும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடலாம், தலையில் கட்டும் கெலேயும் தொப்பியும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதே நிறத்தில் மலிவான துணியைச் சந்தையில் வாங்கித் தைத்துக்கொண்டு போகாதீர்கள், பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். துணி கைக்கு வந்ததும் அன்றைக்கே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள், கல்யாண சீசனில் கடைசி வாரம் போனால் எந்தத் தையல்காரரும் கையில் சிக்க மாட்டார். இன்னொன்று, மணமக்களின் நிறம் என்ன என்று கேட்டு அதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு அம்மாக்களின் நிறத்தையும்தான்.

கெலே என்பது பெண்கள் தலையில் கட்டும் துணி. அதைக் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காகிதம்போல மொடமொடக்கும் துணியை நெற்றிக்கு மேல் வைத்து, கட்டும் அம்மா பின்களை உதட்டில் கடித்துக்கொண்டே, ஒவ்வொரு மடிப்பாக விரலால் நீவி நீவி அடுக்குவார். சேலைக் கொசுவம் வைப்பது போலத்தான், ஆனால் இங்கே கொசுவம் காதிலிருந்து காதுக்கு வளைந்து விசிறி மாதிரி எழும்பும். பிறகு பின்னால் இழுத்து ஒரு முடிச்சு. அந்த இழுப்பில்தான் தலைவலி வருகிறது, அதனால் கட்டும்போதே கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள், பாதி விழாவில் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்காது. யூடியூப் பார்த்து அன்று காலையில் நாமே கட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விழா வீட்டிலேயே காசுக்குக் கட்டிவிடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் தலையைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஆண்களுக்கு அக்பாடா. அது மேலே போடும் பெரிய அங்கி மட்டும்தான். உள்ளே புபா என்கிற சட்டை, ஷோகோடோ என்கிற கால்சட்டை, தலையில் ஃபிலா என்கிற தொப்பி எல்லாம் சேர்ந்தால்தான் அது முழு உடை. ஜீன்ஸுக்கு மேல் அங்கியை மட்டும் மாட்டிக்கொண்டு வருவது வேட்டியை பெல்ட் போட்ட பேன்ட் மேல் சுற்றிக்கொள்வது போல. கை அகலமாகத் தொங்கும், அடிக்கடி தோள்மேல் மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாப்பிடும்போது குழம்பில் முங்கும்.

துணிகளையும் குழப்பிக்கொள்கிறோம். ஆன்காரா என்கிற பூப்போட்ட மெழுகு அச்சுத் துணிதான் ஆதிகாலப் பாரம்பரியம் என்று நினைக்கிறோம். அது இந்தோனேசிய பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தது. மண்டபத்தில் மின்னும் லேஸ் ஆஸ்திரியாவின் ஃபோரால்பெர்க்கிலிருந்து வந்து பேர் வாங்கியது. யோருபாக்களின் சொந்த நெசவு அஷோ ஒக்கே. ஓயோ மாநிலத்து இஷெயின் ஊர் அதற்குப் பேர்போனது. கிட்டத்தட்ட 10 செ.மீ. அகலத்தில் நாடா நாடாக நெய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்து அகலமாக்குகிறார்கள். காட்டுப் பட்டின் பழுப்பில் 'சான்யான்', கருநீலத்தில் 'எட்டு', சிவப்பில் 'அலாரி' என்று பெயர் கொண்ட மூன்று பழைய வகைகள். அம்மாவுடையதை மகள் கட்டுவது சாதாரணம். அதைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள்.

இக்போ கல்யாணத்துக்குப் போனால் பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் 'ஜார்ஜ்' துணியைக் கவனியுங்கள். சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறியை இன்ஜிரி என்கிறார்கள், அதில் சில நூல்களை மட்டும் வெட்டி உருவிப் புது வடிவம் கொண்டுவந்து அதற்கு பெலெட்டே பிட்டே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துத் துணிதானே என்று உரிமை கொண்டாட வேண்டாம், பல தலைமுறையாக அது அவர்கள் வீட்டுத் துணி. அதே கல்யாணத்தில் சிவப்புத் தொப்பி அழகாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள், அது தலைவர் பட்டம் பெற்ற பெரியவர்களுக்கு உரியது. கோலா கொட்டையை உடைத்துப் பிரார்த்தனை சொல்லும்போது அமைதியாக இருங்கள். கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்பார்கள், பிரார்த்தனை இக்போவில்தான் நடக்கும். அப்புறம் மணப்பெண் பனங்கள் கோப்பையோடு கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடிவரும் கட்டம், அந்தக் கல்யாணத்தின் உயிரே அதுதான். போனை நீட்டிக்கொண்டு வழியை மறிக்காதீர்கள்.

மறுபடி யோருபா வீட்டுக்கு வருவோம். விழாவை நடத்துவது இரண்டு பெண்கள். பெண்வீட்டுக்காகப் பேசுபவர் அலாகா இஜோகோ, மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேசுபவர் அலாகா இடுரோ. பாடுவார்கள், கேலி செய்வார்கள், மாப்பிள்ளையை மடக்கிக் காசு கேட்பார்கள், நம்மையும் விடமாட்டார்கள். பணம் பிடுங்குகிறார்கள் என்று கோபித்துக்கொள்ளாமல், சில்லறை நோட்டாக முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையும் தோழர்களும் பெண்ணின் பெற்றோர் முன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். நமக்குப் புதிதில்லை, சாஷ்டாங்க நமஸ்காரம்தான். அலாகா 'இன்னொரு முறை' என்றால் இன்னொரு முறை விழ வேண்டும். தோழர்களில் ஒருவராக உங்களைச் சேர்த்திருந்தால் பேன்ட் அழுக்காகும் என்று பாதி குனிந்து நிற்காதீர்கள், விழுங்கள். விருந்தாளியாக மட்டும் போயிருந்தால் பெரியவர்கள் முன் நன்றாகக் குனிந்தால் போதும். அவர்களிடம் நீங்களாக முந்திக் கைநீட்டக் கூடாது, இடது கையால் எதையும் கொடுக்கவும் கூடாது.

சேனைபோல இருக்கும் யாம் கிழங்கு, தேன், உப்பு, கோலா, அட்டாரே மிளகு எல்லாம் அலங்கரித்து வைத்த சீரைப் பார்த்ததும் பெண்ணுக்கு விலை கொடுக்கிறார்கள் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த வார்த்தையை அங்கே வாயிலிருந்து விடவே விடாதீர்கள். பரியமாகக் கொடுத்த பணத்தை, நாங்கள் மகளை விற்கவில்லை என்று அங்கேயே திருப்பிக் கொடுக்கும் பெண்வீட்டார் நிறைய பேர். இனிப்பாக வாழத் தேன், நீண்ட நாள் வாழ ஓரோக்போ கொட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து உண்டு.

கடைசியாகப் பணம். ஆடும் மணமக்கள் நெற்றியில் நோட்டு ஒட்டுவது, தலைமேல் நோட்டு பறக்கவிடுவது பழைய வழக்கம். எல்லோரும் செய்கிறார்களே என்று நீங்கள் செய்யாதீர்கள். 2007 மத்திய வங்கிச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி நைரா நோட்டை வீசுவதும், அதன்மேல் மிதித்து ஆடுவதும் குற்றம், தண்டனை குறைந்தது 6 மாதச் சிறை அல்லது 50,000 நைரா அபராதம் அல்லது இரண்டும். 2024 ஏப்ரலில் ஒரு பிரபலம் இதற்காக 6 மாதம் சிறைத் தண்டனை பெற்றார். மண்டப வாசலில் கூடுதல் விலைக்குப் புதுநோட்டுக் கட்டு விற்பவரிடம் வாங்காதீர்கள், அந்த விற்பனையும் குற்றம்தான். கவரில் போட்டுக் கையில் கொடுங்கள், மொய் வைப்பது நமக்குத் தெரியாததா. கொடுத்த கையோடு மேடைக்கு முன்னால் போய் நான்கு அடி ஆடிவிட்டு வாருங்கள், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால்தான் வருத்தப்படுவார்கள்.