சோழமண்டலத்துக்கு ஓர் அரை நாள்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்தால் கோயில், கல்யாணம், தி.நகர் என்று நாள் ஓடிவிடும். நடுவில் ஓர் அரை நாள் கிடைத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வரை போய் சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் நிலம் வாங்கித் தொடங்கியது. ஓவியர்களின் வீடுகளும் உள்ளேயே இருப்பதால், திறந்திருக்கிறதே என்று எந்த வாசலிலும் நுழைந்துவிடாதீர்கள்.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தினரின், அதாவது பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த நவீன ஓவியர்களும் செய்த படைப்புகள் இருக்கின்றன. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். ஜாதகக் கட்டம் போலக் கோடுகள், நெருக்கி எழுதிய கையெழுத்து போல வரிகள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கும். தைரியமாகச் சொல்லுங்கள், எங்களுக்கும் படிக்க வராது என்று. அது படிப்பதற்கான எழுத்தே இல்லை.

இன்றைய ஓவியர்களின் தனிக் கண்காட்சிகள் பக்கத்துக் காட்சிக்கூடங்களில் நடக்கும். சில நாள்களிலேயே முடிந்துவிடும் என்பதால் கிளம்பும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் ஓவியரே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பிக்காமல், "இந்தச் சிவப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

நேரமிருந்தால் அதே சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா; தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் இடம். செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. அங்கே வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருப்பவர்களுக்கு அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்தில் இந்தியருக்குச் சமமான சலுகை உண்டு என்று மத்திய அரசின் அறிவிப்பே இருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம், வாங்குவது. கேன்வாஸ் ஓவியம் என்றால் மரச்சட்டத்திலிருந்து கழற்றிக் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். உலோகச் சிற்பம் என்றால் கவனம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது. புதுச் சிற்பம்கூடப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் விமான நிலையத்தில் பழசோ என்று சந்தேகம் வரும். சிற்பியின் பெயர், செய்த வருடம் எழுதிய ரசீதும் ஒரு புகைப்படமும் வாங்கிக்கொள்ளுங்கள். பழசு போலத் தோன்றினால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குச் சில நாள் பிடிக்கும்; ஆகவே சிற்பத்தைக் கடைசி நாளில் வாங்காதீர்கள்.