எந்தச் செவ்வந்தி? எண்ணெய் வடிக்கிறவர்கள் விடுகிற பிழைகள்

அம்மன் கோயில் மாலைக்குச் செவ்வந்தி கேட்டால் யாரும் பிழையாகக் கொடுப்பதில்லை. மருந்துக்குக் கேட்டால்தான் சிக்கல். லயத்து வாசலில் நிற்கிற செவ்வந்தி, சிங்களத்தில் தாஸ்பெத்தியா, டாஜெடிஸ் இனம். புண்ணுக்குப் பூசும் களிம்பு டியூபில் ‘மேரிகோல்ட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் கலெண்டுலா என்ற வேறு செடி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் எண்ணெயில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒன்றின் ஆய்வறிக்கையை எடுத்து மற்றதற்குப் பொருத்துவதே நான் அதிகம் காணும் தவறு. சித்தப்பா மகன் ஜாதகத்தை வைத்து நமக்குப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. கலெண்டுலா எண்ணெயில் முன்னுக்கு நிற்பவை அல்பா-கடினோல், டெல்டா-கடினீன் போன்ற 15 கார்பன் கொண்ட கனமான சேர்மங்கள். டாஜெடிஸில் ஒரு வகையான மினுட்டாவிலோ பீட்டா-ஒசிமீன், டைஹைட்ரோடஜெட்டோன், டஜெட்டோன் என்று 10 கார்பன் கூட்டம். மாலைப்பூவான டாஜெடிஸ் இரெக்டாவில் லிமொனீன், டெர்பினோலீன், பைப்பெரிட்டோன் போன்றவை வரும். அதனால் தாவரவியல் பெயர் இல்லாத அறிக்கையை நான் மடித்து வைத்துவிடுவேன்.

பூவை நீராவியில் வடித்தால் மருந்துக்குணம் முழுக்க ஆவியோடு வந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வராது. கலெண்டுலாவின் வீக்கம் தணிக்கும் குணத்துக்கு முக்கிய காரணமாகச் சொல்லப்படும் ஃபரடியோல் எஸ்டர்கள் ஆவியாகாதவை. இதழுக்கு நிறம் தரும் லூட்டினும் அப்படியே. இவை வேண்டுமென்றால் காய்ந்த பூவை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ஊறவைத்ததும் வடித்ததும் வேறு வேறு சரக்கு. காய்ந்த கலெண்டுலாப் பூவில் ஆவி எண்ணெய் 0.2 – 0.3 சதவீதம்தான். கிலோவுக்கு இரண்டு, மூன்று கிராம். பெரிய போத்தலில் மலிவாகக் கிடைக்கிறதென்றால் அது ஊறல் எண்ணெய். அதில் குற்றமில்லை, பெயரைச் சரியாகப் போட்டால் போதும்.

செடியின் எந்தப் பகுதி என்று எழுதி வைக்காமல் வடிப்பதும் பிழை. மினுட்டாவின் இலையில் டைஹைட்ரோடஜெட்டோன் ஓங்கும், பூவில் ஒசிமீனும் ஒசிமெனோனும். எண்ணெயில் என்னென்ன சேர்மம் என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியின் அறிக்கையில் உள்ள சதவீதம் பெரும்பாலும் வரைபடத்துச் சிகரங்களின் பரப்பளவுப் பங்கு. கிராம் கணக்கு என்று எண்ணி விலை பேசக் கூடாது. நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் எழுதிய வடிப்பு நேரக்கணக்கை அப்படியே பின்பற்றாமல் நம் அடுப்பில், நம் செடியை வைத்து நேரம் பார்ப்பதே நல்லது.

போத்தலைப் பாதி நிரப்பி ஜன்னலோரம் வைத்தால் டாஜெடிஸ் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பசைபோல் தடித்துப் போகும். நிறப் போத்தல், விளிம்புவரை எண்ணெய், குளிர்ந்த இடம்.

டாஜெடிஸ் வேரில் நூற்புழுவை அடக்கும் தயோஃபீன்கள் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அதைக் கேள்விப்பட்டுப் பூ எண்ணெயைத் தேயிலை நாற்றுக்கு ஊற்றியவரைப் பார்த்திருக்கிறேன். பாவம், காசுதான் போனது. அதற்குச் செடியை மண்ணிலேயே வளரவிட வேண்டும்.

அதே கூட்டத்து அல்பா-டெர்தயனைல்தான் தோலுக்கு ஆபத்து. வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இரெக்டா எண்ணெயை அழகுசாதனங்களில் தடைசெய்தது; மினுட்டா, இன்னொரு டாஜெடிஸ் வகையான பட்டுலா எண்ணெய்களைக் கழுவாமல் விடும் பூச்சுகளில் 0.01 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. மலையில் குளிர்தானே என்று டாஜெடிஸ் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகாதீர்கள். உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிர் கூடுகிறது, மூடுபனி விலகுகிற அந்தப் பத்து மணி வெயிலே போதும்.