வட்டமாய் ஒரு தாயகப் பயணம்: இலங்கையை வாகனத்தில் சுற்றிவரத் திட்டமிடுவோருக்கு

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பின் இறங்கி, பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றி, அதே கையோடு யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டுவிடுவது புலம்பெயர்ந்தோரிடையே ஏறத்தாழ வழக்கமாகவே ஆகிவிட்டது. விடியும்போது ஊரில் நிற்கலாம், ஒரு நாள் மிச்சம் என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். இங்கே சொல்லப்போகும் வேறெதையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் இந்த ஒரு வழக்கத்தையாவது கைவிடும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். உங்களை ஏற்ற வந்த சாரதி பெரும்பாலும் அன்று பகல் முழுவதும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர். மாலையிலிருந்து வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தவர். அவருடைய உறக்கம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. நீர்கொழும்பு விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் உள்ளது. அங்கே முதல் இரவைக் கழித்து, சாரதியையும் உறங்கவிட்டு, காலை உணவுக்குப் பின் புறப்படுங்கள்.

திட்டமிடலின் அடிப்படை, தூரத்தைக் கிலோமீற்றரில் எண்ணாமல் மணித்தியாலத்தில் எண்ணுவதாகும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ 400 கிலோமீற்றரை நான்கு மணித்தியாலத்தில் கடந்து பழகியவர்கள், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ அதே தூரத்துக்கு ஏழு எட்டு மணித்தியாலம் எடுப்பதைக் கண்டு சலித்துக்கொள்கிறார்கள். அதிவேக நெடுஞ்சாலை தெற்கே மாத்தறையையும் கடந்து அம்பாந்தோட்டைப் பக்கம் வரை செல்கிறது. விமான நிலையத்தைத் தாண்டி வடக்கு நோக்கியோ, 2022 இல் திறக்கப்பட்ட மீரிகம - குருநாகல் பகுதியைத் தவிரக் கைகொடுக்க எதுவுமில்லை. மற்ற வீதிகளில் காருக்கான வேக எல்லை குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70. சந்தை, பாடசாலை, மாடு, முச்சக்கரவண்டி என்று எல்லாவற்றையும் கடந்து சராசரியாக மணிக்கு 45 கிலோமீற்றர் கிடைத்தால் நன்று. மலைநாட்டில் 25 அல்லது 30 என்றே கணக்கிடுங்கள். இதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் நாடுகளிலிருந்து வருவோர், இங்கே ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணியளவில் இருட்டிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓடாமலும், மாலை ஐந்து மணிக்குள் தங்குமிடத்தை அடைந்தும் திட்டமிட்டால் பயணத்தின் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதே எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஏறத்தாழ ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்றோடு வரும் மழை வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் தென்மேற்குக் கரையும் மலைநாட்டின் மேற்குச் சரிவும் நனையும், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறையோடு யூலை, ஆகஸ்டில் வருவோருக்கு முழு வட்டமும் சாத்தியம்; சில ஆண்டுகளில் செப்டெம்பர் வரை நீளும் நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவும், ஆகஸ்ட் 15 மடுமாதா பெருவிழாவும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகின்றன. நத்தார் விடுமுறையில் வருவோர் திருகோணமலைக் கடலையும் பதுளைப் பக்கத்து மலைகளையும் இன்னொரு முறைக்கு ஒத்திவைத்து, ஊரிலிருந்து யாழ்ப்பாணம் - கண்டி ஏ9 வீதி வழியே திரும்பி, காலியும் மாத்தறையும் அமைந்த தென்கரையைப் பார்ப்பது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் பாலங்களையும் கடுமையாகச் சேதப்படுத்தியதால், மலைப்பாதைகளின் நிலையைப் புறப்படும் வாரத்தில் தங்குமிடக்காரரிடம் கேட்டறிவது எந்தப் பருவத்திலும் அவசியம்.

நீங்களே ஓட்டுவதா, சாரதியை அமர்த்துவதா என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லுபடியாகாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புறப்படும் நாட்டிலேயே எடுத்து, அதற்கு இங்கே உரிய அங்கீகாரத்தைப் பெற வேண்டும். அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். வாகனத்தை வாடகைக்குத் தருவோர் பலர் இதைச் செய்து தருவார்கள், முன்பதிவின்போதே கேளுங்கள். லண்டனிலிருந்து வருவோருக்கு இடப்பக்கம் ஓட்டுவது பழக்கமானது. ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருவோர் முதல் இரண்டு நாள் சந்திகளில் தடுமாறுவார்கள். அதைவிடக் கடினமானது வீதியின் எழுதப்படாத மொழி. எதிரே வரும் பேருந்து முன்விளக்கை மின்னவிட்டால் அது உங்களுக்கு வழிவிடுகிறது என்று பொருளல்ல. தான் வருவதாகவும் நீங்கள் ஒதுங்க வேண்டும் என்றும் பொருள். முந்தும்போது அடிக்கும் ஹோர்ன் கோபம் அல்ல, அறிவிப்பு. வடக்கில் பாதுகாப்புக் கதவில்லாத ரயில் கடவைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நின்று, கண்ணாடியை இறக்கிக் காதுகொடுத்துவிட்டே கடக்க வேண்டும்.

முதிய பெற்றோரும் சிறுவர்களும் உடன் வந்தால் சாரதியோடு வான் எடுப்பதே என் பரிந்துரை. சாரதியின் உணவும் தங்குமிடமும் யார் பொறுப்பு, ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகக் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சாரதி தெரிந்தவர் என்பதற்காக மலைப்பாதைக்கும் அவரே பொருத்தமானவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே ஓடிய அனுபவம் உண்டா என்று நேரே கேட்பதில் தவறில்லை. நீங்களே ஓட்டுவதானால் முழுக் காப்புறுதியும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். பொலிஸார் மறித்தால் இவற்றைத்தான் கேட்பார்கள். வாகனத்தைப் பொறுப்பேற்கும்போது சுற்றிவர ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த ஒரு கீறலுக்கு நான் ஒருமுறை பணம் கட்டிய பிறகுதான் அந்தப் பழக்கம் எனக்கு வந்தது.

இனிப் பாதை. வலஞ்சுழியாக, அதாவது மேற்குக் கரையால் வடக்கே ஏறி, கிழக்குக் கரையால் இறங்கி, மலைநாட்டின் வழியே திரும்புவதை நான் விரும்புகிறேன். இடப்பக்கம் ஓடும் நாட்டில் அப்படிச் சுற்றினால் கடல் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். படம் எடுக்க நிறுத்துவதற்கும் வீதியைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. நீர்கொழும்பிலிருந்து ஏ3 வழியே சிலாபம் சென்றால் முன்னேஸ்வரம் சிவன் கோயில். அங்கிருந்து புத்தளம், அனுராதபுரம். அனுராதபுரத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மதவாச்சியில் ஏ14 இல் திரும்பி மன்னாருக்குச் செல்லலாம். புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டின் ஊடாக மன்னாருக்கு ஒரு குறுக்குவழியைக் கைப்பேசி வரைபடம் காட்டக்கூடும். காட்டையும் வெள்ளம் பாயும் ஆற்றையும் கடக்கும் அந்த வழியை நம்பிப் பயணநாளை அமைக்காதீர்கள். மன்னாரில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தையும் பாலாவித் தீர்த்தத்தையும், பள்ளிமுனையிலுள்ள, பாவோபாப் எனப்படும் பெருக்கமரத்தையும், தலைமன்னார் முனையையும் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும்.

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வழியாகப் போகாமல் ஏ32 வழியே பூநகரிக்குச் செல்லுங்கள். சன நடமாட்டம் குறைந்த வீதி அது. பெற்றோலையும் தண்ணீரையும் மன்னாரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தில் கடல்நீரேரியைக் கடந்து நாவற்குழிப் பக்கமாகக் குடாநாட்டுக்குள் நுழைவது, பனைகளுக்கிடையே வீடு திரும்புவதற்கு இருக்கும் மிக அழகான வழி. போர்க்காலத்தில் கிளாலியில் இரவில் வள்ளத்தில் இதே நீரேரியைக் கடந்தவர்கள் உங்கள் வாகனத்தில் இருந்தால், பாலம் தாண்டிய பின் எங்காவது ஓரமாகச் சற்று நிறுத்துங்கள்.

ஊரில் எத்தனை நாள் என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. இரண்டு நாள் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பெரியம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு, மாமா வீட்டில் இராச்சாப்பாடு, போகாவிட்டால் மனக்குறை என்று அது ஐந்து நாளாகும். பிறகு திருகோணமலையில் முன்பணம் கட்டிய அறை வீணாகும். ஆகவே ஊருக்கு முதலிலேயே ஐந்து நாளாவது ஒதுக்கி, அவற்றில் இரண்டு நாட்களை எந்தத் திட்டமும் இல்லாமல் வெறுமையாக விடுங்கள். உறவினருக்கும் புறப்படும் தேதியை வந்த அன்றே சொல்லிவிடுங்கள். கீரிமலை, வல்லிபுரம், காரைநகர்க் கசூரினாக் கடற்கரை ஆகியவற்றை ஒவ்வொன்றும் அரைநாளில் முடிக்கலாம். நெடுந்தீவுக்கு மட்டும் ஒரு முழுநாள் தேவை. வாகனத்தைக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டு, காலைப் படகில் ஏறி மாலைப் படகில் திரும்ப வேண்டும். சோளகக் காலத்தில் கடல் குமுறும் என்பதால் குமட்டலுக்கான மாத்திரை கையிலிருக்கட்டும். வலிகாமம் வடக்கில் வரைபடம் காட்டும் எல்லா வீதிகளும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை, படைமுகாம்களைப் படம் எடுக்கவும் கூடாது. ஏ9 இல் ஆனையிறவைக் கடக்கும்போது, குறிப்பாக முகமாலைப் பக்கத்தில், மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகைகள் கண்ணில் பட்டால் எக்காரணம் கொண்டும் வீதியை விட்டுக் காலை வைக்காதீர்கள். அது மிதிவெடி எச்சரிக்கை.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு ஏ9 வழியே வவுனியாவுக்கு இறங்கி, அங்கிருந்து ஏ29 இல் ஹொரவப்பொத்தானை வழியே போகலாம். ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். முன்பு சொன்ன நான்கு மணித்தியால வரம்பை மீறும் இதுவே இந்த வட்டத்தின் மிக நீண்ட நாள், ஆகையால் காலை ஏழு மணிக்கே புறப்படுங்கள். யானை நடமாடும் பகுதிகள் இந்த வழியில் உள்ளன. ஹபரணை, கந்தளாய்ப் பக்கமும், பின்னர் பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குப் போகும் வழியில் லாகுகலைக் காடும் அப்படிப்பட்டவையே. யானை வீதியில் நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், உணவு கொடுக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அது போகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு உபாயமில்லை. மாலை ஐந்து மணிக் கணக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருகோணமலையில் இரண்டு இரவுகள் போதும். கோட்டைக்குள் மான்கள் மேயும் வழியே ஏறிச் செல்லும் கோணேசர் கோயிலுக்கு மாலைப் பூசையும், கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளுக்கு அதிகாலையும் உகந்த நேரங்கள். நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகு கிடைக்கும். பிறகு கிண்ணியாப் பாலத்தைக் கடந்து ஏ15 இல் வெருகல், வாகரை வழியே மட்டக்களப்புக்குச் செல்லும் மூன்று மணி நேரப் பாதை, இந்த வட்டத்திலேயே ஓட்டுவதற்கு இதமானது. முன்பு ஒவ்வொரு ஆற்று முகத்திலும் மிதவைப் படகுக்குக் காத்திருந்த வீதி இது. சிறுவர்களுக்குப் பாசிக்குடாவின் ஆழமில்லாக் கடலும், பெரியவர்களுக்குக் கல்லடிப் பாலத்தின் மாலையும் மட்டக்களப்பில் இரண்டு நாளை எளிதில் நிரப்பும். கல்முனை, அக்கரைப்பற்று வழியே பொத்துவிலுக்கு இறங்கும் கரைவீதி ஊர்களால் நெருங்கியது, வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

பொத்துவிலிலிருந்து மொனராகலை, வெல்லவாய வழியே எல்லவுக்கு ஏறும்போது பயணத்தின் இயல்பே மாறிவிடுகிறது. ஏறும் வாகனத்துக்கு வழிவிடுவதும், இறக்கத்தில் தடுப்பை மிதித்துக்கொண்டே இராமல் கியரைக் குறைத்து இறங்குவதும் மலைப்பாதையின் முதல் பாடங்கள். பிற்பகலில் மழையும் மூடுபனியும் கூடும் என்பதால் ஏற்றங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். எல்லவிலிருந்து நுவரெலியா வரை 60 கிலோமீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் இரண்டு மணித்தியாலம் ஆகும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால் யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கொண்டுவந்த உடை அங்கே போதாது. சித்திரையில் அங்கே கொண்டாட்டக் காலம், அறைகள் கிடைப்பது அரிது. கொழுந்து பறிப்போரைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள். மலையகத் தமிழரின் ஊர்வழியே போகிறோம் என்பதை நம்மவர் பலர் தேயிலையைப் பார்க்கும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு மூன்று மணித்தியாலம். கண்டியில் ஓர் இரவு. வழியில் எதுவும் நேர்ந்தால் பொலிஸுக்கு 119, இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற இலக்கங்களை எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். முழு வட்டத்துக்கும் பதினெட்டு நாள் வேண்டும். இரண்டு வாரமே உள்ளவர்கள் மட்டக்களப்போடு நிறுத்தி, ஏ11 வழியே பொலன்னறுவையில் சோழர் கட்டிய சிவன் கோயிலைப் பார்த்துவிட்டு, ஹபரணை, குருநாகல் வழியே திரும்பலாம். எந்த வழியில் திரும்பினாலும் கடைசி இரவு மீண்டும் நீர்கொழும்பில்தான். வாகனத்தை ஒப்படைக்கும்போது எண்ணெய் அளவையும் கிலோமீற்றர் எண்ணிக்கையையும் படம் எடுத்து, முன்பணம் கைக்கு வந்த பின்னரே திறப்பைக் கொடுங்கள்.