தேனையும் கடலையையும் சோதிக்க வெளி ஆய்வகம் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

உணவில் கலப்படம் உண்டா, நஞ்சு உண்டா, சொன்ன ஊரில்தான் விளைந்ததா என்று பார்க்கும் பெரிய கருவிகள் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. அதனால் நம் ஆய்வு மாணவர்கள் சில வாரங்களுக்கு வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போகிறார்கள். கருவிக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். அது வீணாகிறது என்றால், பெரும்பாலும் காரணம் கருவி இல்லை, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன சாம்பிள்தான்.

தேனை எடுத்துக்கொள்வோம். கடையில் 'சுத்தமான தேன்' என்று எழுதியிருந்த பாட்டிலை வாங்கி, அதையே அசலுக்கு அளவுகோலாக வைப்பதுதான் முதல் தவறு. கூட்டிலிருந்து நம் கண்ணெதிரே எடுத்த தேன் வேண்டும். அதுவும் போதாது. பூ இல்லாத மழை மாதங்களில் தேனீ வளர்ப்போர் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். அது அவர்கள் தொழிலில் தேவையான வேலை, மோசடி இல்லை. ஆனால் மிச்சப் பாகு அடுத்த அறுவடையில் சேர்ந்திருக்கலாம். எப்போது பாகு வைத்தீர்கள், எந்த மாதம் தேன் எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

பாகு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கரும்பும் மக்காச்சோளமும் கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி வேறு. அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 (கார்பனின் கொஞ்சம் கனமான வகை) அளவை ஒரு பொதுத் தர அளவோடு ஒப்பிட்டால், சுமார் மைனஸ் 11 என்று வரும் (ஆயிரத்துக்கு என்ற கணக்கில்). பெரும்பாலான பூச்செடிகளின் தேனில் மைனஸ் 25-ஐ ஒட்டி வரும். தேனின் அளவையும், அதே தேனிலிருந்து பிரித்த புரதத்தின் அளவையும் ஒப்பிடுவார்கள். பாகு சேர்ந்தால் தேனின் எண் நகரும், புரதத்தின் எண் அப்படியே நிற்கும். தேனின் எண் கரும்பின் பக்கமாக 1 அளவுக்கோ அதற்கு மேலோ விலகினால், சுமார் 7 சதவீதமோ அதற்கு மேலோ கரும்பு அல்லது சோளச் சர்க்கரை இருக்கிறது என்று கொள்வார்கள்.

இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. இந்தச் சோதனையில் தேறிவிட்டது, ஆகவே சுத்தம் என்று எழுதிவிடுவது. அரிசிப் பாகும் பீட்ரூட் வகைக் கிழங்குச் சர்க்கரையும் பூச்செடிகளைப் போன்ற எண்ணையே காட்டும். இந்த வலையில் அவை சிக்காது. அவற்றைப் பிடிக்க என்.எம்.ஆர். (வலுவான காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் முறை) போன்ற வேறு முறைகள் வேண்டும். ஆனால் என்.எம்.ஆர். முடிவைச் சொல்வது ஏற்கெனவே சேர்த்து வைத்த தரவுத் தொகுப்பை வைத்து. நம் பகுதித் தேன் அதில் இல்லையென்றால், 'பொருந்தவில்லை' என்ற விடைக்குப் 'போலி' என்று அர்த்தம் இல்லை. எத்தனை இந்தியத் தேன்கள் அந்தத் தொகுப்பில் உண்டு என்று போவதற்கு முன்பே கேளுங்கள்.

கன்னியாகுமரி ரப்பர் தேனில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். தேனீ அந்த இனிப்பை எடுப்பது பூவில் இல்லை, இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளில். அதனால் ரப்பர் மகரந்தம் அதில் குறைவாகவே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் மகரந்தம் எண்ணியே ஊரையும் பூவையும் சொல்லப் பழகியவர் இதைச் சந்தேகப்பட்டுவிடலாம். எங்கள் தேன் இப்படித்தான் உருவாகிறது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அங்கே போகிற உங்களுடையது.

சரி, தேன் கலக்கினால் கலந்துவிடும். நிலக்கடலை அப்படி இல்லை. பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். ஜிப் கவரில் 100 கிராம் கொண்டுபோனால் அந்தப் பருப்பு வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரண்டு எண்ணுமே மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐரோப்பிய விதிகளில் பெரிய சரக்குக்கு 100 இடங்களில் எடுத்து, மொத்தம் 20 கிலோ சேர்க்கச் சொல்வது இதனால்தான். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் இந்த நஞ்சின் ஒரு வகையான அஃப்ளாடாக்சின் பி1-க்கு அங்கே வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவைக் கையில் அள்ளிய சாம்பிளை வைத்துத் தீர்மானிக்க முடியாது. 20 கிலோவைச் சுமந்து போக வேண்டாம். ஊரிலேயே முழுவதையும் அரைத்து, நன்றாகக் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்துப் போங்கள்.

விளைந்த ஊரைத் தேடுவதற்கு ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளை) பார்க்கும்போது எதிரி நீர் ஆவியாவதுதான். மூடி தளர்ந்த பாட்டிலிலிருந்து பழச்சாற்றின் நீர் கொஞ்சம் ஆவியானாலே எண் மாறிவிடும், கனமான ஆக்சிஜன் மிஞ்சி நிற்கும். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள். பால் புரதம் போன்ற உலர்ந்த சாம்பிளில் ஹைட்ரஜனின் ஒரு பகுதி அறைக் காற்றின் ஈரத்தோடு இடம் மாற்றிக்கொள்ளும். சென்னை ஈரத்தில் இருந்த பொடியைக் குளிர்நாட்டில் இறங்கிய அன்றே கருவியில் போடக்கூடாது. எண் ஏற்கெனவே தெரிந்த தரப் பொருளோடு சேர்த்து, அதே அறையில் சில நாள் வைத்திருந்து அளக்க வேண்டும். அந்த நாட்களையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகித வேலையையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஆய்வுக்காக உயிரியல் பொருட்களை வெளிநாடு கொண்டுபோக அனுமதி தேவையா என்று சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் கேளுங்கள். இறைச்சி, பால் பொருட்களைப் பெட்டியில் வைத்து ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. அவற்றுக்கு அழைத்த ஆய்வகம்தான் முன்கூட்டியே வழி செய்து தர வேண்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒவ்வொரு சாம்பிளையும் மூன்றாகப் பிரித்து, ஒன்றைச் சீல் வைத்து, தேதி எழுதி, ஊரில் ஃப்ரீசரில் விடுங்கள். பெட்டி வழியில் தொலைந்தாலும், ஒரு எண்ணில் சந்தேகம் வந்தாலும், கையில் இருப்பது அது மட்டும்தான்.