புரூடரில் வெப்பம் சீராகப் பரவாவிட்டால்

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கோழிக்குஞ்சு இறக்கிய முதல் வாரத்தில் புரூடரின் (பல்புகளால் குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அடைப்பின்) ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், பல்புகளைக் கூட்டுவதற்கு முன் குஞ்சுகள் எவ்வாறு படுத்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கின் அடியில் நெருக்கியடித்துக் கத்தினால் வெப்பம் போதவில்லை. வாயைத் திறந்தபடி ஓரத்துக்கு விலகினால் வெப்பம் மிகுதி. எல்லாம் ஒரே பக்கத்தில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறது.

நம் பகுதியில் இந்தக் கடைசிக் காரணத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வீசும் மேற்குக் காற்று, கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கும் படுதாவின் அடிவிளிம்பில் சிறு இடைவெளி கிடைத்தாலும் தரையோடு நுழைந்து, குஞ்சுகள் இருக்கும் மட்டத்தையே குளிரச் செய்துவிடும். எனவே மேற்குப் பக்கத்தின் அடியை இறுக்கிக் கட்டி, அம்மோனியா வாடை வெளியேற மேற்புறம் மட்டும் திறப்பு விடுங்கள்.

பிறகு வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 5 செ.மீ. மேலே, பல இடங்களில் வைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவு ஈரமாக உள்ள இடம் எப்போதும் குளிர்ந்தே இருக்குமாதலால் அதை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்ப வேண்டும்.

கடைக்கோடி பல்புகள் மட்டும் மங்கினால் ஒயரின் நீளத்தையும் இணைப்புகளையும் சோதியுங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200ஆகக் குறைந்தாலே குண்டு பல்பின் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழுதான பல்புக்குப் பதிலாக யாரேனும் எல்.இ.டி. மாட்டியிருந்தால் வெளிச்சம் இருக்கும், போதிய வெப்பம் இராது. உயரத்தை மாற்றும்போது பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுங்கள். அறுந்து நார்க்கழிவின்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.