வயிறு தெரியாத மூன்று மாதம்

நம்ம கன்னியாகுமரிப் பக்கத்தில் மாசமாக இருப்பதை மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாசலில் சருவத்தை இறக்கிவைத்து மீன்கார அக்கா சாளையை எடுத்து நீட்ட, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனேன் பாருங்கள், அவர் மீனைத் திரும்பச் சருவத்திலேயே போட்டுவிட்டு, "எத்தனை நாள் ஆச்சு மக்களே?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் மூன்று பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும்: கணவருக்கு, அடுப்படியில் உங்களோடு நிற்கிற மாமிக்கோ மைனிக்கோ, அப்புறம் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு. குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு, இதயம் எல்லாம் உருவாகிற நாட்கள் இவை. உங்களுக்கு உடம்பு அதிகமாகப் படுத்துவதும் இப்போதுதான். வயிறு மட்டும் தெரியாது, அதனால் ஒரு குடம் தண்ணீரைக்கூட யாரும் உங்கள் கையிலிருந்து வாங்க மாட்டார்கள்.

நாள் தள்ளிப்போனால் மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கி, காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் கர்ப்பம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோடே விழவில்லை, மாதவிடாயும் வரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதி வையுங்கள், போகிற இடமெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அந்தத் தேதியிலிருந்து 40 வாரம் கணக்கு. ஜனவரி 10 என்றால் ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டி அக்டோபர் 17. இதில் ஒரு சிக்கல் உண்டு, புதிதாகக் கல்யாணமானவர்கள் கவனியுங்கள்: கரு உருவாவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே கணக்கு தொடங்குகிறது. அதனால் கல்யாணம் முடிந்து நாலு வாரம்தான் ஆகியிருக்கும், டாக்டர் சீட்டில் ஆறு வாரம் என்று எழுதியிருக்கும். வீட்டில் யாராவது விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் கணவரையே விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கணக்கு தெரியாததால் ஒரு பெண் கண்ணீர் விட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது பதிவு. செவிலியரிடம் சொன்னால் பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளைப் பதிகிற அரசு இணையதளத்தில், பதிந்து 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். பிரசவம் தனியார் மருத்துவமனையில்தான் என்று முடிவு செய்திருந்தாலும் இந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு இதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரை கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், அதோடு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் மூடி வைக்கிற வழக்கம் இந்த இடத்தில்தான் நேராகக் கையைக் கடிக்கிறது.

முதல் முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, குழித்துறை, தக்கலை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை என்று எங்கே போனாலும் ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், வாந்தி இருக்கிற நேரத்தில் அது கொஞ்சம் பாடுதான், ஆனாலும் தட்டிக்கழிக்காதீர்கள். தைராய்டு, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி எல்லாம் பார்ப்பது உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல, எல்லோருக்கும் பார்ப்பார்கள். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதை மனப்பாடமாக வைத்திருங்கள், பிறகு எப்போது ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் சொல்லும் முதல் விஷயம் அதுவாக இருக்கட்டும், ஊசி போட வேண்டியிருக்கலாம்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் ஆறாவது வாரத்துக்குள் மூடிவிடும், கிட்டில் கோடு பார்க்கும்போதே நாலு ஐந்து வாரம் ஓடியிருக்கும். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடுவது இதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையைப் பெரும்பாலும் மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்குவார்கள். தைராய்டுக்கோ வலிப்புக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். நம்ம பக்கம் வைத்தியர்களுக்குக் குறைவில்லை, யார் லேகியமோ கஷாயமோ கொடுத்தாலும் டாக்டரிடம் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

ஐந்தாவது வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓடினால் பையைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம், பயந்துவிட வேண்டாம், ஏழாவது வாரம் போல இதயத் துடிப்பு தெரியும். 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் நடுவில் எடுக்கிற ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

இனி மசக்கை. ஆறாவது வாரம் போலத் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பலருக்கு மூன்று மாதம் முடியும்போது அடங்கும். காலையில் மட்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, எனக்கு மாலை நாலு மணிக்குத்தான். எங்கள் வீட்டுப் பின்னால் கொடியில் ரப்பர் ஷீட் காயும். பிறந்ததிலிருந்து பழகிய நாற்றம்தான், அந்த ஏழு வாரமும் கொல்லைக் கதவைத் திறக்க முடியவில்லை. மீன் வெட்டுவதை மாமி கிணற்றடிக்கு மாற்றினார்கள், கடுகு தாளிக்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார், எனக்குப் பாதி நோய் அதிலேயே தீர்ந்தது. வெறும் வயிறு ஆகவே ஆகாது. படுக்கை அருகில் ரஸ்க்கோ பொரியோ வைத்திருந்து, எழுவதற்கு முன் இரண்டு வாய் மென்று, பத்து நிமிடம் கழித்துக் காலைக் கீழே வையுங்கள். சூடான சாப்பாட்டைவிட ஆறியது வாடை குறைவு. எனக்கு இறங்கியது ஆறின கஞ்சியும் பயறும், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டும், அப்புறம் மட்டிப்பழம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கும். கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த நேரத்தில் எடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போகிறது, எடை இறங்குகிறது என்றால் அது மசக்கை என்று விடக்கூடியது அல்ல, டிரிப்ஸ் தேவைப்படும், அன்றைக்கே போங்கள்.

மீன் நல்லதுதான், சாளை, நெத்தோலி மாதிரி சின்ன மீன்களாகச் சாப்பிடுங்கள். சுறா வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். நம்ம கடற்கரையில் சுறாப்புட்டுக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும், ஆனாலும் இப்போது தள்ளி வையுங்கள். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் பயமில்லை. பப்பாளி காயாகவோ செங்காயாகவோ வேண்டாம். அன்னாசிப்பழம் இரண்டு துண்டு தின்றதற்காக யாரும் ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. சாயாவும் காப்பியும் சேர்த்து நாளுக்கு இரண்டு கப்போடு நிறுத்துங்கள்.

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை பார்க்கிற அக்காமார், வறுக்கிற புகை பக்கத்திலிருந்து உள்ளே தோல் உரிக்கிற இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதற்காகவாவது மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. கரு கலைந்தால் ஆறு வாரம்.

லேசாக ரத்தக் கறை படுவது பலருக்கு நடக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வீட்டில் இருந்துகொண்டே முடிவு செய்யாமல் காட்டிவிடுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி, தோள்பட்டையில் வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, ரத்தம் கட்டியாகப் போவது, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது, ராத்திரி என்றாலும் 108-க்குப் போடுங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலையும் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

சிலருக்குத் தங்காமல் போகும். எனக்கு முதல் முறை ஒன்பதாவது வாரத்தில் போயிற்று. மார்த்தாண்டம் ரோட்டுப் பள்ளத்தில் பஸ்ஸில் குலுங்கியதால்தான் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்த நாட்களில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் குறையால்தான், பஸ்ஸாலும் இல்லை, மாடிப்படியாலும் இல்லை என்று இரண்டாவது முறை பார்த்த டாக்டரம்மா சொன்னபோதுதான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அந்த ஒரு வருடம் யாரிடமும் பேசவும் முடியவில்லை, ஏனென்றால் நான் மாசமாக இருந்ததையே ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது முறை கோடு விழுந்த அன்று மாலையே மாமியிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் அடுப்பில் இருந்த மீன்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.